‘பார்க்கலாமுங்க’ என்றால் என்னவென்று பையருக்குத் தெரியாது

என் அப்பா காங்கேயம் மாடு வளர்த்தவர். சித்திரை மாதம் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போகும்போது சில வருடங்கள் என்னையும் கூட்டிச் சென்றார். தரகரும் வாங்குபவரும் கைகளை ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்தே விலையைப் பேசி முடிப்பார்கள். வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், விரல் ஆயிரங்களை எண்ணிக்கொண்டிருக்கும். அந்தச் சந்தையில் வளர்ந்த நான் திருப்பூர் வந்து, பதினோரு வருடம் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்து, இப்போது முப்பத்தாறு மெஷின் போட்டுக் குழந்தைத் துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன். தொழிலைக் கற்றுக்கொள்ள ஆன காலத்தைவிட, துண்டுக்குள் பேசும் பழக்கத்தை விடத்தான் எனக்கு அதிக காலம் ஆனது.

1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி பனியன் தேடி இங்கே வந்ததுதான் நம்மூர் ஏற்றுமதியின் தொடக்கம் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். இன்றும் புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள், அடுத்த வெரோனாவை எங்கே பிடிப்பது என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். ஏற்றுமதி செய்ய வேண்டிய ஐ.இ.சி. எண், ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகமான ஏ.இ.பி.சி.யில் பதிவு, வங்கிக் கணக்கு இதையெல்லாம் ஆடிட்டரே முடித்துக் கொடுப்பார். பையரை, அதாவது நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரரை, பிடிப்பதும் அவ்வளவு கடினமில்லை. பிடித்த பிறகு அவரோடு எப்படிப் பேசுவது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இல்லை என்று சொல்லப் பழகுங்கள்

நம் பக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்பது மரியாதைக் குறைவு. வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூடப் போகிறேன் என்று சொல்லமாட்டோம், வருகிறேன் என்போம். கடன் கேட்டு வந்தவரிடம் ‘பார்க்கலாமுங்க’ என்று சொன்னால் போதும், அவர் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பையருக்கு இது எப்படித் தெரியும்? பத்து நாளில் சாம்பிள் கிடைக்குமா என்று கேட்கிறார். துணி இன்னும் நிட்டிங்கிலேயே இருக்கிறது. நாம் ‘வீ வில் ட்ரை அவர் பெஸ்ட்’ என்று எழுதுகிறோம். நம் மனதில் அது ‘பார்க்கலாமுங்க’. அவருடைய டைரியில் அது ஒரு தேதி. பதினோராம் நாள் அவர் எழுதும் மெயிலில் சூடு இருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

முடியாததை அன்றைக்கே முடியாது என்று எழுதிவிட்டு, எப்போது முடியும் என்பதையும் அதே மெயிலில் சொல்லுங்கள். கெட்ட செய்திக்கு நான் மூன்று வரிதான் வைத்திருக்கிறேன்: என்ன நடந்தது, புதுத் தேதி எது, அதுவரை நான் என்ன செய்கிறேன். ‘சாயத்தில் ஷேட் தப்பிவிட்டது, மறுபடி போடுகிறோம். துணி வியாழக்கிழமை வருகிறது. ரிப், லேபிள், பட்டன் மூன்றையும் அதற்குள் தயாராக வைக்கிறோம்.’ மன்னிப்பு ஒரு முறை கேட்டால் போதும். மழை, மின்வெட்டு, மாமனாருக்கு ஆபரேஷன் எதுவும் வேண்டாம். ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்ற வரியை எங்கே பார்த்தாலும் அடித்துவிடுங்கள். யார் எதைச் செய்ய வேண்டும் என்பது அதில் எங்கேயுமே இல்லை.

அவர்கள் சொல்வதையும் அவர்கள் கணக்கிலேயே படிக்க வேண்டும். என் முதல் ஜெர்மன் பையரிடமிருந்து வந்த சாம்பிள் குறிப்பில் வணக்கம்கூட இல்லை. கழுத்துத் தையல் மோசம், கை நீளம் தவறு, மறுபடி செய்யவும். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் அவரே ஆர்டரை இரண்டு மடங்காக்கினார். அவருக்குக் கோபம் தையல்மேல்தான், என்மேல் இல்லை. நேர்மாறாக, ஓர் அமெரிக்கர் என் சாம்பிளைப் பார்த்து ஆஹா ஓஹோ என்று புகழ்ந்து எழுதினார். அந்தப் புகழ்ச்சியை நம்பி நூலை வாங்கிப் போட்டேன். ஆர்டர் வரவே இல்லை. பி.ஓ. என்ற எழுத்துமூல ஆர்டர் கைக்கு வராமல் ஒரு கிலோ நூல்கூட வாங்காதீர்கள்.

ஜப்பானியரோடு மட்டும் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ‘கென்டோ ஷிமாஸ்’ என்பார்கள். யோசித்துப் பார்க்கிறோம் என்று பொருள், பெரும்பாலும் வேண்டாம் என்று அர்த்தம். மொழிபெயர்க்க வந்த பெண் இதை விளக்கியபோது நான் சிரித்துவிட்டேன். ஒசாகாவிலும் ‘பார்க்கலாமுங்க’ இருக்கிறது! அவர்கள் ‘ஹை’ என்று தலையசைப்பது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக, ஒப்புக்கொண்டேன் என்பதற்காக அல்ல. விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்குங்கள், அதன்மேல் பேனாவால் கிறுக்காதீர்கள்.

தலையாட்டுவது என்றதும் எங்கள் கட்டிங் மாஸ்டர் நினைவுக்கு வருகிறார். ஐரோப்பாவிலிருந்து வந்த ஆய்வாளர் அம்மா அவசர வழிக் கதவைக் காட்டி, ‘இது வேலை நேரத்தில் திறந்தே இருக்குமா’ என்று அவரிடம் கேட்டார். மாஸ்டர் நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். ஆமாம் என்று அர்த்தம். அந்த அம்மா தாளில் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு நகர்ந்தார். பக்கத்தில் நின்ற நான் எட்டிப் பார்த்திருக்காவிட்டால் அந்த ஒரு தலைச்சாய்ப்பில் ஆர்டர் போயிருக்கும். இப்போது ஆய்வுக்கு முந்தின நாள் எல்லோரையும் நிற்க வைத்து, ‘எஸ்’, ‘நோ’ என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்குகிறேன். சிரிப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இதையெல்லாம் பட்டியலாக மனப்பாடம் செய்து ஆளுக்கு ஆள் ஒட்டாதீர்கள். எனக்கு நேரம் தவறாத இத்தாலியரும் உண்டு, பதில் போட மூன்று வாரம் எடுக்கும் ஜெர்மானியரும் உண்டு. முதல் பத்து மெயிலில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

தேதியும் காலண்டரும்

என் தொழிலில் நான் கொடுத்த பெரிய கல்விக் கட்டணம் ஒரு சாய்கோட்டுக்குத்தான். அமெரிக்க ஆர்டர், 2,400 பீஸ், ஷிப்மென்ட் தேதி 04/05 என்று இருந்தது. மே நாலு என்று படித்து, நிதானமாகத் தைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள், அது ஏப்ரல் ஐந்து. மார்ச் கடைசியில் ‘சரக்கு தூத்துக்குடி போய்விட்டதா’ என்று மெயில் வந்தபோது பாதித் துணி கட்டிங் டேபிளில் கிடந்தது. கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போனது, செலவு என் தலையில். இன்று என் கம்பெனியில் மாதத்தை எண்ணால் எழுதக் கூடாது என்பது சட்டம். ஏப்ரல் என்று எழுத்தால் எழுதினால் கை ஒடிந்துவிடாது. ஜெர்மானியர்கள் புள்ளியும் காற்புள்ளியும் நமக்கு எதிராக வைப்பார்கள். 1,250 என்று அவர் எழுதினால் ஒன்றேகால், ஆயிரத்து இருநூற்றைம்பது அல்ல. லட்சம், கோடி அவர்களுக்குப் புரியாது.

ஆபீஸ் சுவரில் பெரிய காலண்டர் ஒன்றை மாட்டி, எல்லோருடைய நோன்பி நாட்களையும் அதில் குறித்து வையுங்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி இத்தாலி முழுக்க விடுமுறை, அந்த வாரம் சாம்பிளுக்கு ஒப்புதல் கேட்டால் பதில் வராது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பான் தூங்கும். சீனப் புத்தாண்டு சமயத்தில் அங்கிருந்து வரும் ஜிப்பும் பட்டனும் நின்றுவிடும், அதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கி வையுங்கள். சவூதியில் வாராந்திர விடுமுறை வெள்ளி, சனி. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு.

எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களின் காலண்டர். என்னிடம் தைப்பவர்களில் பாதிப் பேர் ஒடிசாவும் பீகாரும். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் பீகார்க்காரர்களுக்குச் சட் பூஜை. நம் ஆட்கள் தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர்கள் கிளம்புவார்கள். இதைக் கணக்கில் எடுக்காமல் நவம்பர் ஷிப்மென்டுக்குத் தலையாட்டியவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஜூன் நடுவில் ஒடியாக்காரர்களுக்கு ரஜ பர்வம் வரும். பூமித்தாய் ஓய்வெடுக்கும் நாட்கள் என்று உழவை நிறுத்திவிடுவார்கள், பெண் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு, ஊருக்குப் போக முடியாத பெண்களுக்காகக் கம்பெனி வேப்பமரத்தில் ஒரு ஊஞ்சல் கட்டச் சொன்னேன். நூற்றைம்பது ரூபாய்க் கயிறு. அந்த மாதம் ஒருவர்கூட வேறு கம்பெனிக்குப் போகவில்லை. கடல் தாண்டிப் பண்பாடு படிப்பவர்கள் பலர், மெஷினில் இருக்கும் பெண் எந்த ஊர் என்பதுகூடத் தெரியாமல் இருக்கிறார்கள். அதென்ன படிப்போ.

விருந்துக்கு அழைத்தால்

அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும் போடுங்கள், எல்லோரும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் நம் வீட்டில் போதும் என்பதை மூன்று முறை சொன்னால்தான் போதும். அவர்களுக்கு முதல் முறையே போதும். என் அம்மா ஒரு டச்சுக்காரரின் இலையில் நான்காவது கரண்டி வைத்தபோது அவர் முகம் போன போக்கு! சால்வை, மாலை, பட்டுச்சேலை வேண்டாம். பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று விதி இருக்கும், திருப்பி அனுப்ப அவர்களுக்கும் சங்கடம். ஜப்பானுக்கு எதையும் நாலு நாலாகக் கட்டி அனுப்பாதீர்கள். அவர்கள் மொழியில் நாலுக்கும் சாவுக்கும் ஒரே ஓசை. மொய்யில் ஒற்றை ரூபாய் சேர்த்து 101 என்று எழுதுகிற நமக்கு இது புரியாதா என்ன.

சாப்பாட்டு மேசையில் நொய்யலைப் பற்றிக் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். சாயத் தண்ணீரால் ஆறு கெட்டது உண்மை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் உண்மை. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு செய்துகொண்ட பிறகுதான் பட்டறைகள் இயங்க முடிந்தது என்பதும் உண்மை. மூன்றையும் அதே வரிசையில் சொல்லுங்கள், உங்கள் துணிக்குச் சாயம் போடும் பட்டறைக்கே கூட்டிச்சென்று காட்டுங்கள்.

நன்றாகப் பழகிவிட்டார் என்பதற்காகக் கடனுக்குச் சரக்கு அனுப்பாதீர்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்டு, என் அண்ணன் பையனைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்ட ஒருவர், இரண்டு பில் பாக்கியோடு காணாமல் போனார். பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் எல்.சி. கேளுங்கள். அவர் தரமாட்டேன் என்றால், 1957 முதல் இருக்கும் மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான ஈ.சி.ஜி.சி.யின் காப்பீட்டை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

உடைந்த ஊசி

ஜப்பான் ஆர்டரில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் எண், தைத்தவர் பெயர் எழுத வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் பீஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவைக்க வேண்டும். ஒரு மாலை, பேட்லாக் மெஷினில் ஊசி உடைந்து முனை மட்டும் கிடைக்கவில்லை. ஏழு பேர், இரண்டு மணி நேரம், காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுத்தோம். ஏழு பேர் சம்பளத்தை மனதில் கூட்டிக்கொண்டே நான் முணுமுணுத்தேன். கடைசியில் செக்கிங் அக்கா ரோம்பர் என்ற குழந்தை உடுப்பு ஒன்றின் கழுத்து ரிப்பை விரலால் நெருடி நெருடிப் பார்த்து, மடிப்புக்குள்ளிருந்து அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அரிசிக் குருணையில் பாதி இருக்கும். குழந்தையின் தொண்டைக்கு நேராக வரும் இடம் அது. முணுமுணுப்பு அத்தோடு நின்றது.

இந்தத் தொழிலை எதற்குச் செய்கிறோம் என்ற கேள்வி எல்லோருக்கும் ஒரு நாள் வரும், பீஸுக்கு இரண்டு ரூபாய் மிச்சத்துக்காக இரவெல்லாம் விழித்திருக்கும்போது கட்டாயம் வரும். அதற்குப் புத்தகத்தில் பதில் தேடாமல் பையரிடம் கேளுங்கள்: இதை யார் போடுகிறார்கள்? எனக்கு அந்தக் கேள்வியை எடுத்துக் கொடுத்தது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தையல் பெண். ஜெர்மன் ஆர்டரில் ஒரு முறை 44 என்று ஓர் அளவு வந்தது. அங்கே குழந்தை அளவு என்பது உடம்பின் நீளம், சென்டிமீட்டரில். 50, 56, 62 தைத்துப் பழகியவர்கள் 44-ஐப் பார்த்துப் பொம்மைத் துணி என்று நினைத்து, தையல் கொஞ்சம் கோணினாலும் விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும், ‘அக்கா, பொம்மைக்கு எதற்குத் தையலை வெளிப்பக்கமாகப் போடச் சொல்கிறார்கள்?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, மெயில் போட்டேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கானது, தோல் மிகவும் மெல்லியது, தையல் உறுத்தக் கூடாது, குழாய்கள் இருப்பதால் தலைவழியாக மாட்ட முடியாது, அதனால்தான் முன்பக்கம் முழுக்கத் திறப்பு என்று பதில் வந்தது. டீ இடைவேளையில் தமிழிலும் இந்தியிலும் அதைச் சொன்னேன். பேக்கிங்கில் இருக்கும் அக்கா, ‘என் பெரியவன் எட்டாம் மாதம் பிறந்தவன், கண்ணு’ என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மறுநாள் ஆறு பேர், முந்தின நாள் தைத்த பீஸ்களைத் தாங்களே எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லவில்லை.

ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு பீஸை எடுத்து வையுங்கள். அந்த 44 என் மேசை டிராயரில் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களிடம் முதலில் அதைக் கொடுத்து, உள்ளங்கையில் விரித்துப் பிடிக்கச் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் ஓவர்லாக்கில் நூல் கோக்கக் கற்றுக்கொடுப்பது.