குறட்டையும் மூச்சுத்தடையும்: பல் வைத்தியரிடம் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அவருக்கென்ன, தலையணையில் தலை பட்டவுடனே குறட்டைதான், அவ்வளவு நல்ல நித்திரை" என்று பெருமையாகச் சொல்கிற வீடுகள் திருகோணமலையில் நிறைய. கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் கந்தளாய் தாண்டுமுன்பே நாலைந்து சீட்டிலிருந்து அந்த நல்ல நித்திரை கேட்கத் தொடங்கும்.

எல்லாக் குறட்டையும் வருத்தமல்ல. குறட்டை சட்டென்று நின்று, பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறிக்கொண்டு இழுத்தால்தான் சந்தேகிக்க வேண்டும். டொக்டர்மார் ஸ்லீப் அப்னியா என்று சொல்வது இதைத்தான். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடி பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை மூடிவிடுகிறது. இரத்தத்தில் ஒக்சிசன் இறங்குகிறது. மூளை அரைகுறையாக விழித்து மூச்சைத் திரும்ப எடுக்க வைக்கிறது. ஒரு இரவில் இது நூறு தடவைக்கு மேலும் நடக்கலாம். காலையில் ஆளுக்கு ஒன்றும் ஞாபகம் இராது.

ஆகவே கிளினிக்குக்குத் தனியாகப் போவது முதல் தவறு. "நான் நல்லாத்தானே படுக்கிறன்" என்பார், அத்தோடு கதை முடிந்துவிடும். பக்கத்தில் படுக்கிறவர் கூடப் போக வேண்டும். அது முடியாவிட்டால் போனில் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுத்துக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது, ஒவ்வொரு அறிகுறிக்கும் வேறு காரணம் கண்டுபிடிப்பது. இரவில் இரண்டு மூன்று தரம் சலம் கழிக்க எழும்பினால் சீனி வருத்தம், காலையில் தலையிடி என்றால் பிரஷர், பின்னேரம் கதிரையில் தூங்கி விழுந்தால் வயது. சீனியையும் பிரஷரையும் பார்க்கத்தான் வேண்டும், சரி. ஆனால் மூன்று வகைக் குளிசை போட்டும் பிரஷர் இறங்கவில்லை என்றால் நித்திரையைப் பற்றியும் டொக்டரிடம் பேசுங்கள். மெலிந்த ஆளுக்கு இது வராது என்பதும் பிழை. பருமனும் தடித்த கழுத்தும் ஆபத்தைக் கூட்டும், உண்மைதான். ஆனால் கீழ்த்தாடை சிறிதாகவோ உள்வாங்கியோ இருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். ஆசிய மக்களிடம் இது சாதாரணம்.

நித்திரை வருவதற்கென்று சாராயமோ நித்திரைக் குளிசையோ எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர வைக்கும்.

இனி பல் வைத்தியர் விஷயம். பல் பிடுங்கவும் அடைக்கவும் மட்டும்தான் அவர் என்று நினைப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கும். வாயைத் திறந்தவுடனே அவர் கண்ணில் பல விஷயம் படும்: நாக்கின் ஓரத்தில் பல் அச்சுகள், இரவில் அரைத்துத் தேய்ந்த கடைவாய்ப் பற்கள், ஒடுங்கிய மேலண்ணம், பெரிய டொன்சில். இவை எதுவும் நோயை உறுதிப்படுத்தாது. "ஒருக்கால் சோதித்துப் பாருங்கள்" என்று அனுப்பப் போதும்.

சிகிச்சையிலும் அவருக்குப் பங்கு உண்டு. மேல் பல்லிலும் கீழ்ப் பல்லிலும் மாட்டி, கீழ்த்தாடையை முன்னால் பிடித்து வைக்கும் கருவி ஒன்றைப் பல் அச்செடுத்துச் செய்வார்கள். தாடை முன்னே வந்தால் அதோடு நாக்கும் வரும், பாதை திறக்கும். ஒருவர் எவ்வளவு தூரம் தாடையை முன்னே நீட்ட முடியும் என்று அளந்து, அதில் ஏறக்குறைய பாதியில் தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளுவார்கள். கரண்ட் தேவையில்லை, சட்டைப் பையில் போகும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நெடுநாள் படகில் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கேதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு நடக்கிறது. சோதனை செய்யாமலே கருவியை வாங்குவது. ஒன்லைனில் சுடுநீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் மலிவுச் சாமான் கிடைக்கிறது. போட்டதும் சத்தம் குறைகிறது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சத்தம் குறைந்த பிறகும் மூச்சு நிற்பது தொடரலாம், இப்போது அதைக் காட்டிக்கொடுக்கக் குறட்டையும் இல்லை. முதலில் காது மூக்கு தொண்டை டொக்டரையோ நெஞ்சு நோய் டொக்டரையோ பார்த்து, படுத்திருக்கும்போது மூச்சையும் ஒக்சிசனையும் பதிவு செய்யும் நித்திரைச் சோதனை செய்ய வேண்டும். மூச்சு நிற்பதும் குறைவதும் ஒரு மணித்தியாலத்தில் 5 முதல் 15 தடவை என்றால் லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. முதல் இரண்டுக்கும் பல் கருவி நன்றாக உதவும். கடுமையானதற்கு முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் சீபாப் இயந்திரம்தான் முதல் தெரிவு. 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் குழு வெளியிட்ட முறை அது, இன்றும் அதை மிஞ்ச ஒன்று வரவில்லை. புழுக்கத்தில் முகமூடி பிடிக்கவில்லை என்று இயந்திரத்தை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் கூடாது. டொக்டரிடம் சொன்னால் முகமூடியை மாற்றலாம், அதுவும் முடியாவிட்டால் அப்போது பல் கருவியைப் பார்க்கலாம்.

கருவி எல்லா வாய்க்கும் பொருந்தாது. பிடித்து நிற்க ஒவ்வொரு தாடையிலும் எட்டு, பத்து உறுதியான பல்லாவது வேண்டும், முரசும் நன்றாக இருக்க வேண்டும். வருடக்கணக்காகப் பாக்கு மென்று வாய் இறுகியவர்களுக்கு அச்செடுக்கவே வாய் திறக்காது. அப்படி இறுகுவது புற்றுநோயாக மாறக்கூடியது. குறட்டையை விட்டுவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள்.

போட்ட புதிதில் எச்சில் ஊறும், காலையில் தாடை விறைக்கும், கொஞ்ச நேரம் பல்லோடு பல் பொருந்தாது. அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம், பெரும்பாலும் பழகிவிடும். நாட்பட்ட பாவனையில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தும் விதம் நிரந்தரமாகவே மாறலாம் என்பதால் செக்அப்புக்குப் போவதை விடக்கூடாது. கருவியைச் சரிசெய்து முடித்தபின், அதைப் போட்டுக்கொண்டே இன்னொரு தரம் நித்திரைச் சோதனை செய்ய வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான், வேலை செய்கிறதா என்று தெரிய இதைவிட நல்ல வழி இல்லை.

சிகிச்சை சரிவரும்வரை இரவில் வேன் ஓட்ட வேண்டாம். ஹபரணைப் பாதையில் ஒரு கண் அசந்தால் போதும், குறுக்கே யானை நிற்கும். ஒப்பரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த வருத்தத்தைக் கட்டாயம் சொல்லுங்கள், கருவியையும் கொண்டு போங்கள்.

கழுவுவதற்குப் பச்சைத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கொதிநீர் வேண்டாம், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளும் விட்டுவிட்டுப் போக வேண்டாம், நெளிந்துவிடும். உடம்பு பெருத்தாலோ, கருவி லூசானாலோ, குறட்டை திரும்பி வந்தாலோ அடுத்த தவணை வரும்வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.