கையில் காசில்லாத நேரத்தில் வீட்டுக்கும் செலவுக்கும் என்ன வழி? நெல்லைப் பக்கத்தவர்களுக்கு

கூரை ஒழுகுகிறது, வாடகை பாக்கி நிற்கிறது என்றால் பலரும் முதலில் போவது வட்டிக்காரரிடம்தான். அரசு உதவி வர மாதக்கணக்கில் ஆகும் என்பது உண்மை. அதனால் வீட்டுக்கான மனுவையும் இந்த மாதச் செலவுக்கான ஏற்பாட்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

முதலில் பட்டா

சொந்த மனையில் கட்டிக்கொள்ளும் திட்டம் எதுவானாலும், இடம் யார் பெயரில் என்றுதான் முதலில் கேட்பார்கள். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள்; அது கிடைத்ததும் பெயர் மாற்றத்துக்குக் கொடுங்கள். அண்ணன் தம்பிக்குள் பேச வேண்டியது இருந்தால் இப்போதே பேசி முடித்துவிடுங்கள், அங்கே இழுத்தால் எல்லாமே இழுக்கும். மனையே இல்லாதவர்கள் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு தாசில்தாரிடமோ, திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

அடுத்து வீடு

கிராமத்துக் குடிசைவாசிகளுக்காக 2024-ல் வந்தது கலைஞரின் கனவு இல்லம்: 360 சதுர அடி வீடு, 3.5 லட்சம் ரூபாய். கட்டக் கட்டத்தான் தவணை வரும். முதல் தவணை எப்போது என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிரதமர் வீட்டுத் திட்டமும் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்குக் கட்டாயம் போங்கள். பயனாளிப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் அங்கேயே எழுந்து கேளுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தில் விசாரிக்கலாம்.

அப்புறம் கைச்செலவு

பீடி சுற்றும் அக்காமார் பலர் தங்கள் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தை மறந்தே போகிறார்கள். வீடு கட்டவும் மருத்துவத்துக்கும் அதிலிருந்து முன்பணம் எடுக்கலாம். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பணம் நிற்கும். பிள்ளைகள் படித்தால், பீடித் தொழிலாளர் குழந்தைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகை வகுப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை கிடைக்கும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

நகை இருந்தால் அடகுக்கடைக்கு முன் கூட்டுறவுச் சங்கத்தில் வட்டியைக் கேளுங்கள். மகளிர் குழுக் கடனும் பரவாயில்லை, ஆனால் ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொன்று வாங்கவே வேண்டாம்.

கந்துவட்டி வேண்டாம்

2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது கந்துவட்டியால்தான். ஏற்கெனவே சிக்கியிருந்தால் பயப்படாதீர்கள், 2003-லிருந்து இதற்கெதிராகத் தனிச் சட்டம் இருக்கிறது. வாங்கியது எவ்வளவு, எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, புகாரோடு சேர்த்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள். வாங்க மறுத்தால் அதே தாளோடு திங்கட்கிழமை கொக்கிரகுளத்துக்குப் போங்கள்.