ஊனமுற்ற அமெரிக்கப் படைவீரர்கள்: வீட்டு மானியத்திலும் வாகன உதவியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டைத் தம் உடல்நிலைக்கேற்ப மாற்றியமைக்கவும் வாகனம் வாங்கவும் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறையிடம் உதவி கேட்போர், தமக்கு வழங்கப்பட்ட ஊன சதவீதத்தையே தகுதி என்று எண்ணிவிடுகிறார்கள். மனநோய்க்காக 100 சதவீதம் பெற்றவருக்கு அதைக்கொண்டு மட்டும் இவ்வுதவிகள் கிடைப்பதில்லை. அதைவிட மிகக் குறைந்த சதவீதம் பெற்றவரோ, படைப்பணியால் ஒரு பாதத்தின் பயன்பாட்டை நிரந்தரமாக இழந்திருந்தால் வாகன உதவிக்குத் தகுதி பெறுகிறார்.

காலை வெட்டி எடுத்திருந்தால்தான் அது இழப்பு என்று நினைப்பதும் தவறு. முழங்காலுக்குக் கீழே காலை அகற்றிச் செயற்கைக்கால் பொருத்தினால் கிடைக்கும் பயனைவிட அதிகமான பயன் அந்தக் காலில் எஞ்சவில்லை என்றால், பயன்பாடு போய்விட்டதாகவே விதி கொள்கிறது. முழங்காலின் வெளிப்புறமாக இறங்கும் நரம்பு முற்றிலும் செயலிழந்து, பாதம் தொங்கிவிடுவதை விதியே இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ஆனால் மருத்துவக் குறிப்பில் 'நரம்பு பாதிப்பு, வலி' என்று மட்டும் இருந்தால் பயன் சிறிது. பாதத்தைத் தூக்க முடிகிறதா, எவ்வளவு தூரம் நடக்கிறார், எந்தத் துணைக்கருவி இல்லாமல் விழுந்துவிடுகிறார் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். தகுதி இருந்தும் பலர் ஏமாந்து போவது இந்த இடத்தில்தான் என்று கருதுகிறேன்.

வாகனத்தை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பணம் கேட்கக் கூடாது. 21-4502 படிவத்துக்கு ஒப்புதல் வந்த பின்னரே வாங்க வேண்டும். தொகையும் விற்பவருக்கே நேரடியாகச் செல்கிறது. 2025 நிதியாண்டில் அதன் உச்சவரம்பு 27,074.99 டாலர். முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு இறுகிப்போனவர்களுக்கு வாகனம் வாங்கும் தொகை கிடையாது, அதில் பொருத்தும் சிறப்புக் கருவிகளுக்கு மட்டுமே உதவி உண்டு.

வீட்டு மானியம் பெரியது, சிறியது என இரு வகை. இரண்டுக்கும் 26-4555 படிவம். இங்கும் ஒப்புதலுக்கு முன் கட்டுமானத்தைத் தொடங்கிவிடுவது ஆபத்து. அதே நிதியாண்டில் பெரிய மானியத்தின் வரம்பு 1,21,812 டாலர், சிறியதன் வரம்பு 24,405 டாலர். 2020 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம், மானியத்தை மூன்று முறை பயன்படுத்தலாம் என்றிருந்ததை ஆறு முறையாக்கியதோடு, இரு கண்களிலும் பார்வையிழந்தோரைப் பெரிய மானியத்தின் கீழ் கொண்டுவந்தது. ஆகவே, அதற்கு முன் 'இனி கிடையாது' என்ற பதில் பெற்றவர்கள், வரம்புத் தொகையில் மீதமிருக்கிறதா என்று மீண்டும் விசாரிக்க வேண்டும். குளியலறை, சாய்தளம் போன்றவற்றுக்கு மருத்துவப் பிரிவு தரும் 'ஹிசா' மானியம் தனியானது. மருத்துவரின் பரிந்துரையுடன் அதையும் சேர்த்தே பெறலாம்.

ஏ.எல்.எஸ். என்னும் இயக்க நரம்பு நோய் கண்டவர்கள் கைகால் செயலிழக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்நோய் படைப்பணியால் வந்ததென்று ஏற்கப்பட்டாலே இரண்டு உதவிகளுக்கும் தகுதி உண்டு. நோயோ விரைந்து முற்றுவது, வீட்டு வேலையோ மாதக்கணக்கில் இழுப்பது என்பதால், நோய் உறுதியானதும் இரு படிவங்களையும் ஒன்றாகவே அனுப்பிவிட வேண்டும்.