காருக்குள் மினுங்கும் மரப் பனலில் விழுந்த மெல்லிய கீறல்களை எடுப்பது எப்படி

போன் டோர்ச்சை எடுத்து, கியர் பக்கத்து மரப் பனலில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது கண்ணில் படாத கீறல்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு தெரியும். திருகோணமலையில் ஓடுகிற காருக்கு இது வராமல் இருந்தால்தான் புதினம். நிலாவெளியிலோ உப்புவெளியிலோ குளித்துவிட்டு வந்து ஏறுகிற பிள்ளைகளின் கையோடு வருகிற மணல், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கண்ணாடியை இறக்கியவுடன் உள்ளே வந்து படிகிற புழுதி, இதையெல்லாம் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைக்கிறோமே, அங்கேதான் கீறல் உண்டாகிறது. சாதாரண மணலில் இருக்கிற குவார்ட்ஸே பனலின் மேல்பூச்சை விட நல்ல கடினம், புல்மோட்டைக் கரை மணலில் இல்மனைட்டோடு சேர்த்து எடுக்கிறார்களே சிர்க்கோன் என்ற கனிமம், அது குவார்ட்ஸையும் விடக் கடினம்.

நல்ல செய்தி என்னவென்றால் கீறல் மரத்தில் இல்லை. விலை கூடிய கார் என்றால் அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒட்டிய மெல்லிய வெனியர் மரம், சாதாரண கார் என்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் மேல் பதித்த மரக்கோலம். எதுவாக இருந்தாலும் அதற்கு மேலே நிறமில்லாத ஒரு கிளியர் கோட் இருக்கும், மினுக்கம் அதனுடையது, கீறலும் அதில்தான். வெனியரின் மேல் இந்தப் பூச்சு கொஞ்சம் தடிப்பாக இருக்கும், பதித்த கோலத்தின் மேல் மெல்லிசு. அதனால் உங்கள் பனல் எந்த வகை என்று தெரியாவிட்டால் மெல்லிசு என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அடுத்து ஆழம் பார்க்க வேண்டும். விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுக் கீறலின் மேல் பூசுங்கள், ஈரத்தில் மறைந்தால் மேலோட்டமானது. நகத்தைக் குறுக்காக ஓட்டுங்கள், தட்டுப்படாவிட்டால் பொலிஷ் போதும். தட்டினால் கதை வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

காரை நிழலில் நிறுத்தி, பனல் தொட்டால் குளிராக இருக்கும்வரை விடுங்கள். வெயிலில் நின்ற காரில் இந்த வேலை வேண்டாம், சூட்டில் பொலிஷ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் மணலை எடுக்க வேண்டும், இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண். மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, வாக்யூம் பிடித்து, பிறகு மைக்ரோஃபைபர் துணியை ஒரு துளி ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் ஒரே பக்கமாகத் துடையுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கம். சுவிட்சுகள், பனலின் ஓரங்கள், பக்கத்து லெதர் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். ஓரத்தில்தான் கிளியர் கோட் ஆக மெல்லிசு, அங்கே தேய்த்தால் நிறம் வரை போய்விடும்.

இப்போது ஃபினிஷிங் பொலிஷ், அதாவது மென்மையாகத் தேய்த்து மினுக்கம் கொடுக்கிற பசை. பூச்சைக் கரகரவென்று தேய்த்தெடுக்கிற கட்டிங் கொம்பவுண்ட் அல்ல, கவனம், பெயின்ட் கடையில் கேட்டால் முதலில் அதைத்தான் தூக்கித் தருவார்கள். கிளியர் பிளாஸ்டிக்குக்கு என்று விற்கிற பொலிஷும் நல்லது. பட்டாணி அளவு எடுத்து ஃபோம் பேட்டில் வைத்து, கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். சரி என்றால் ஒரு உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் எடுத்து, மெல்ல அழுத்தி, குறுக்கும் நெடுக்குமாக ஒரு நிமிடம் போலத் தேய்த்து, பொலிஷ் கண்ணாடி போலத் தெளிந்து வந்ததும் சுத்தமான துணியால் துடையுங்கள். மறுபடி டோர்ச் பிடியுங்கள். பாதி போயிருந்தால் இன்னொரு முறை, அதே மென்மையோடு. பலர் இங்கே பொறுமை இழந்து ட்ரில்லில் பேட் மாட்டுகிறார்கள், சூடேறிப் பூச்சு மங்கிப் போகும். கைதான் இதற்குச் சரி.

நகம் லேசாகத் தட்டுகிற கீறலுக்கு 3000 நம்பர் வோட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கிற மிக மெல்லிய உப்புத்தாள்), அதுவும் தடித்த பூச்சு என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும். தண்ணீரில் ஊற வைத்து, ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, சின்ன ரப்பர் துண்டில் சுற்றிக் கீறலின் மேல் மட்டும் சில தடவை ஓட்டுங்கள். பேப்பரில் பால் மாதிரி வெள்ளையாக வந்தால் கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறீர்கள், பழுப்பு எட்டிப் பார்த்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள். இடம் மங்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம், பொலிஷ் போட்டால் மினுக்கம் திரும்பி வரும். ஆழமாகத் தட்டுகிற கீறலை முழுதாக எடுக்கப் பார்க்காதீர்கள். விளிம்பை மழுங்கச் செய்தாலே பாதி மறையும், மீதியோடு வாழலாம்.

பற்பசை, தேங்காய் எண்ணெய், தின்னர் என்று ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பற்பசையின் கரகரப்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி, நம்பிப் போட முடியாது. எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும், பிறகு புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு புதுக் கீறல் போடும். தின்னரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், பூச்சு கரைந்து வெடித்தால் திருப்ப வழியில்லை. இலங்கையில் 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் கார்களுக்குத் திறந்தது, அதனால் கையில் இருக்கிற பழைய காரின் பனலைக் கெடுத்துவிட்டு அதே நிறத்தில் இன்னொன்று தேடி அலைவது பெரிய பாடு.

முடித்ததும் சந்துகளில் காய்ந்த வெள்ளைத் தூளைப் பழைய மெல்லிய டூத் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, மெல்லிசாக வக்ஸ் பூசுங்கள்.

உள்ளே கோடு கோடாக வெடிப்பு தெரிந்தால் அது கீறல் அல்ல, வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டுப் பூச்சு பிளந்தது. பொலிஷால் ஆகாது. பனலைக் கழற்றி, பழைய பூச்சை எடுத்து, புதிதாகக் கிளியர் அடிக்க வேண்டும், அது டிங்கரிங் பெயின்ட் கராஜ் வேலை. கழற்றுவது டாஷ்போர்டில் பயணி பக்கத்துப் பனல் என்றால் முதலில் பற்றரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விடச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் எயார்பேக் இருக்கிறது.