மலை ஏற ஒரு கிராங்க்: சேட்டக் எஞ்சினுக்கு 60 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்

பழைய டூ ஸ்ட்ரோக் பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரை ஊட்டி, கோத்தகிரி பக்கம் ஓட்டுகிறவர்கள் பலரும் முதலில் தேடுவது பெரிய கார்புரேட்டர், அப்புறம் சைலன்சர். என்னைக் கேட்டால் முதலில் கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு திணறாமல் ஏற, குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே இழுவை வேண்டும். அதை நீளமான ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம், தரும்.

சேட்டக்கின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 57 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 57, அதாவது 145.45 சிசி. ஸ்ட்ரோக்கை மட்டும் 60 ஆக்கினால் 153 சிசி. இதற்கு, பிஸ்டன் ராடு மாட்டும் கிராங்க் பின்னின் மையம் சுழலும் அச்சிலிருந்து 28.5 மில்லிமீட்டர் தூரத்திலிருந்து 30க்கு நகர்கிறது, அந்த ஒன்றரை மில்லிமீட்டர்தான் மொத்த வேலையும். பின்னை வெளியே தள்ளும்போது துளைக்கு வெளிப்பக்கம் உலோகம் குறையும், எனவே எவ்வளவு மிஞ்சுகிறது என்று வரைபடத்திலேயே பார்த்துவிடுங்கள். மெலிந்த இடத்தில் பின்னை அழுத்தினால் வெப், அதாவது பின்னைத் தாங்கும் கிராங்க் தட்டு, விரியும்.

லேத் வேலைக்குக் கோயம்புத்தூர் இறங்குவதுதான் நல்லது, அங்கே கிரைண்டிங்கும் ஹீட் ட்ரீட்மென்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். வெப்புக்கு இ.என். 19 அல்லது இ.என். 24 ரக எஃகு, பின்னுக்குக் கார்புரைஸ் செய்யக்கூடிய (மேற்பரப்பில் கரியேற்றிக் கடினமாக்கக்கூடிய) இ.என். 36 அல்லது இ.என். 353. பின்னின் மேற்பரப்பு 58 முதல் 62 ஹெச்.ஆர்.சி. (கடினத்தன்மை அளவு) வரை கடினமாகி, உள்ளே மென்மை மிஞ்சியிருக்க வேண்டும். ஷாஃப்ட்டையும் கார்புரைஸ் செய்வதாக இருந்தால் மரை இருக்கும் இடத்தை மூடிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நட்டை முறுக்கும்போது மரை உதிரும். கிராங்கின் இரண்டு பாதிகளிலும் கிராங்க் பின்னுக்கான துளைகளை ஒரே செட்டிங்கில் குடையச் சொல்லி விடாப்பிடியாக நில்லுங்கள், ஏனென்றால் ஒரு துளை மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தள்ளிப்போனாலும் பிறகு செம்புச் சுத்தியலால் எவ்வளவு தட்டினாலும் கிராங்க் நேராகாது.

விஜய் சூப்பர் ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. அது பிஸ்டன் போர்ட் எஞ்சின், பிஸ்டனே இன்லெட்டைத் திறந்து மூடும், அதனால் வெப்பை முழு வட்டமாகவே விடலாம். சேட்டக்கில் வெப்பே இன்லெட் வால்வு, அதற்கும் எஞ்சின் கேஸுக்கும் நடுவே 0.05 மில்லிமீட்டர் அளவே இடைவெளி. இங்கேதான் பலர் ஆசைப்பட்டு வெப்பை நிறைய வெட்டிவிடுகிறார்கள். இன்லெட் தாமதமாக மூடினால் மேல் ஆர்.பி.எம்.மில் வேகம் கூடும், ஆனால் ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது உள்ளே வந்த கலவை கார்புரேட்டர் வழியாகத் திரும்பித் துப்பும். மலைக்கு மூடும் பக்கத்தைத் தொடவே வேண்டாம், திறக்கும் பக்கம் கொஞ்சம் வெட்டினால் போதும்.

பிஸ்டன் இப்போது மேலே ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக வரும். சிலிண்டருக்கு அடியில் பேக்கிங் வைத்தால் போர்ட்டுகள் (சிலிண்டர் சுவரில் உள்ள வழிகள்) எல்லாம் மேலே ஏறி எஞ்சின் வேகத்தை நோக்கிப் போய்விடும், அதனால் ஹெட்டுக்குக் கீழே வையுங்கள். ஈயக் கம்பியை உள்ளே விட்டு நசுக்கி அளந்து, ஸ்குவிஷ், அதாவது பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை இருக்கிறதா பாருங்கள். பிஸ்டன் கீழே போகும்போது அதன் ஸ்கர்ட் (கீழ்ப்பகுதி) வெப்பில் இடிக்கிறதா, ராடு கேஸின் வாயில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்க்காமல் கிக்கரைத் தொடாதீர்கள்.

கிராங்கின் பேலன்ஸுக்கு 50 சதவீதத்தில் தொடங்குங்கள். பிஸ்டன், ரிங், கட்ஜன் பின் (பிஸ்டனை ராடோடு இணைப்பது), ராடின் சிறிய முனை எல்லாம் சேர்ந்த எடையில் பாதி வரும்படி சிறிய முனையில் எடை தொங்கவிட்டு, கத்தி விளிம்புகள் மேல் உருளவிடுங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் நின்றால் சரி. அப்புறம் டயல் கேஜ் வைத்து கிராங்கின் இரண்டு முனைகளிலும் ஓட்டம் (சுழலும்போது அச்சிலிருந்து விலகும் அளவு) 0.02 மில்லிமீட்டருக்குள் வரும்வரை தட்டுங்கள், இதில் அவசரம் கூடாது.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் பிக் எண்டுக்கு, அதாவது கிராங்க் பின்னில் மாட்டும் ராடின் பெரிய முனைக்கு, சோதனை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை திராட்டிலை மூடி எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கும்போது பெட்ரோலோடு வரும் ஆயிலும் நின்றுபோகிறது, ஆனால் சக்கரம் கிராங்கைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் பிக் எண்டில் ஆயில் போக வழி வெட்டிய ராடு, வெள்ளி பூசிய கூடு கொண்ட பேரிங் வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. இறக்கத்தில் அவ்வப்போது திராட்டிலைக் கொஞ்சம் திறந்து மூடுங்கள். ரன்னிங் இன் முடிந்ததும் ஃப்ளைவீலைக் கழற்றி மறுபடி டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், ஓட்டம் கூடியிருந்தால் கிராங்க் பின் வெப்புக்குள் திரும்பியிருக்கிறது என்று பொருள், பிரித்து நேராக்கி, கிராங்க் பின்னின் முனைகளை டிக் வெல்டிங் செய்துவிட்டுத்தான் மறுபடி மலை ஏற வேண்டும்.