முகவரி கொடுக்கும் வேலை ரவுட்டருக்கே

காங்கேயம் பக்கம் தோட்டத்து வீடுகளில் கட்டுத்தறிக்கு ஒரு கேமரா, மோட்டார் ரூமுக்கு ஒரு கேமரா என்று மாட்டுவது சகஜமாகிவிட்டது. மாட்ட வருகிறவர் ஒவ்வொன்றிலும் ஐபி முகவரியை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அந்தக் கருவியை அடையாளம் காட்டும் எண்ணை, கையால் அடித்துவிட்டுப் போய்விடுகிறார். பிறகு ரவுட்டரை மாற்றினால் ஒன்றிலும் படம் வராது. எல்லா முகவரியையும் ரவுட்டரே கொடுக்கட்டும் என்பதுதான் என் கட்சி. அதற்கான ஏற்பாடுதான் டிஎச்சிபி (DHCP).

ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் அதன் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. அதை பிரவுசரில் அடித்து உள்ளே போய், லேன் (LAN, வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்) பகுதியில் டிஎச்சிபி சர்வரை இயக்குங்கள். தொடக்கம் 192.168.1.100, முடிவு 192.168.1.199 என்று வைத்தால் நூறு முகவரி கிடைக்கும். மாரியம்மன் நோம்பிக்கு வந்த மாமன் மச்சான் அத்தனை பேர் செல்போனுக்கும் போதும். லீஸ் நேரம், அதாவது கொடுத்த முகவரி ஒரு கருவிக்குச் செல்லும் காலம், 24 மணி போதும். சில ரவுட்டர்கள் நிமிடத்தில் கேட்கும், அங்கே 1440. பாதி நேரம் கழிந்ததும் கருவிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

கேமரா ரெக்கார்டருக்கும் பிரிண்டருக்கும் முகவரி மாறக்கூடாது. அதையும் ரவுட்டரில்தான் செய்ய வேண்டும். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் ரெக்கார்டரின் மேக் முகவரியை (MAC, கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) பிடித்து, 192.168.1.150 அதற்கே என்று ஒதுக்கிவிடுங்கள். ரெக்கார்டருக்குள் 'தானியங்கி' என்றே இருக்கட்டும். இப்படிச் செல்போனுக்கு ஒதுக்குவதானால், முதலில் அதில் வீட்டு வைஃபைக்கு மட்டும் மேக் முகவரியை மாற்றிக் காட்டும் வசதியை நிறுத்துங்கள்.

வம்பு வருவது இரண்டாவது ரவுட்டரால். மோட்டார் ரூமில் சிக்னல் கிடைக்கவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுபோய்ச் செருகுவார்கள். அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு பெரியதனக்காரர்! கேபிளைச் செருகுவதற்கு முன்பே அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். கேபிளை அதன் லேன் துளையில் செருகுங்கள், வெளி இணைப்புக்கான வேன் (WAN) துளையில் அல்ல.

எல்லாம் முடிந்ததும் கருவிகளை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை, கம்ப்யூட்டரே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். டிஎச்சிபி இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, கேபிள் வரும் வழியே நடந்து பாருங்கள். தோட்டத்தில் எலி கடித்திருக்கவே வாய்ப்பு அதிகம்.