ஊதா மூடி ரத்தத்தை மஞ்சளில் ஊற்றாதீர்கள்: சாம்பிள் எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய ஸ்டாஃப் நர்ஸ்கள் வார்டுக்கு வரும்போதெல்லாம் அதே பழைய கூத்துதான். நாங்கள் புதிதில் செய்தவை, அச்சு மாறாமல். கையுறை போடு, ஊசியைத் திரும்ப மூடாதே என்பதெல்லாம் படிக்கும்போதே மனப்பாடம். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு டியூப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இது. சிபிசிக்கான (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) ஊதா மூடி டியூப் நிறைந்திருக்கும். பொட்டாசியம், கால்சியம் பார்க்கும் மஞ்சள் மூடியில் ரத்தம் போதாது. மறுபடி குத்தினால் நோயாளி திட்டுவார். மூடியைத் திறந்து, அதிலிருந்து கொஞ்சம் இதில்.

ஊதா டியூப்பில் இருப்பது பொட்டாசியம் ஈடிடிஏ என்ற மருந்து. ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்துத்தான் அது உறையாமல் தடுக்கிறது. மஞ்சளில் கலந்தால் பொட்டாசியம் ஏறும். கால்சியமும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் இறங்கும். நிறையக் கலந்து பொட்டாசியம் 14 என்று வந்தால் லேபிலேயே பிடித்துவிடுவார்கள். கொஞ்சம் கலந்து 6.9 வந்தால் டாக்டர் நம்பிவிடுவார்.

அப்படித்தான் நம்பினார். ஒரு மழைக்கால இரவு, குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர் காய்ச்சலோடு வந்திருந்தார். எலிக்காய்ச்சல் சந்தேகம், பொட்டாசியம் 6.9, கிட்னி போய்விட்டதோ என்று பயம். இன்சுலினும் குளுக்கோஸும் எழுதியாகிவிட்டது. ஆனால் ஈசிஜியில் ஒன்றுமில்லை, கிரியாட்டினின் சரியாக இருந்தது, கால்சியம் மட்டும் 5.8. எங்கள் சீனியர் அக்கா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “மக்களே, ஊதாவுல இருந்து ஊத்துனியா?” என்றார். சாம்பிள் எடுத்த பிள்ளை அழுதுவிட்டாள். ரிப்பீட் சாம்பிளில் பொட்டாசியம் 4.1. அந்த இன்சுலின் ஏறியிருந்தால், சரியாக இருந்த பொட்டாசியமும் சர்க்கரையும் சரிந்திருக்கும்.

நிரப்பும் வரிசை: கல்ச்சர் பாட்டில் (கிருமி வளர்த்துப் பார்ப்பது), நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். ரத்தம் குறைவா? லேபுக்குப் போன் செய்து, இருப்பதில் எந்த டெஸ்ட் முடியும் என்று கேளுங்கள். முடியாதென்றால் மறுபடி குத்துங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ட்ரிப் ஓடும் கை

அதில் எடுக்காதீர்கள்; மறு கையில் எடுங்கள்.

டூர்னிகே

கையில் இறுக்கிக் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கையை மூடி மூடித் திறக்கச் சொல்லவும் வேண்டாம்.

நீல மூடி

டியூப்பில் உள்ள கோடு வரை நிரப்புங்கள்.

நர்ஸிங் ஸ்டேஷனில் வைத்து லேபிள் ஒட்டுவது

நம்மூரில் ஒரே வார்டில் இரண்டு மேரி, இரண்டு செல்வராஜ் படுத்திருப்பது அதிசயமில்லை. “நீங்கதானே மேரி?” என்றால் அரைத்தூக்கத்தில் யாரும் “ஆமா” என்றுவிடுவார்கள். “உங்க பேரு என்னம்மா?” என்று கேளுங்கள். ஐ.பி. எண்ணை (உள்நோயாளி எண்) ஒத்துப்பார்த்து, கட்டிலருகே நின்றே ஒட்டுங்கள்.

சிரிஞ்சிலிருந்து பீய்ச்சுவது

பேச்சிப்பாறைப் பக்கமிருந்து மலை ரோட்டில் குலுங்கி வந்ததால் சிவப்பணு உடைந்துவிட்டது என்று சாக்கு சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் உடைவது நம் கையில்தான். பிஸ்டனை வேகமாக அமுக்கினாலும், ஸ்பிரிட் காயும் முன் குத்தினாலும் உடையும். ஊசியைக் கழற்றிவிட்டு, டியூப்பின் ஓரமாக மெல்ல வழியவிடுங்கள். பிறகு மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள்; ஊதாவுக்கு 8 முதல் 10 தடவை. குலுக்காதீர்கள்.